வாசலில் நின்ற கால்

செருப்புத் தூசி பட்டால் கணினிக்கு வைரஸ் வரும் என்று இரண்டு வருடங்கள் ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய மேதை நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து, "இவனா வாத்தியார்?" என்று கேட்பதைவிட இது எனக்குக் கொஞ்சம் மரியாதை.

இது நடந்தது 2009இல். யுத்தம் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பதுளை நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்த சின்னக் கணினி நிலையத்தில் நான் பயிற்றுநர். அங்கே எட்டுக் கணினிகள், ஒரு குளிரூட்டி, ஒரு டை. டை என்னுடையது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவன், கொழும்பில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்து டையோடு குளிரூட்டிக்குக் கீழே நின்றால் தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும்? என் அம்மா வேறு, "மகன் கம்பியூட்டர் டாக்டர்" என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லி வைத்திருந்தார். நான் மறுக்கவில்லை. உண்மையில் மாணவர்களுக்கும் எனக்கும் இடையில் இருந்த அறிவு வித்தியாசம் புத்தகத்தில் ஒரு பக்கம். நாளைய பாடத்தை நான் இன்று இரவு படித்துவிடுவேன், அவ்வளவுதான்.

நிலையத்தின் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். வேலையில் சேர்ந்த அன்று எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். "ஒருத்தரையும் சப்பாத்தோட உள்ளுக்க விடாதையும்." காரணம் சொல்லவில்லை. காரணம் கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று நானும் கேட்கவில்லை. நானே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டேன். தூசி உள்ளே போகும், தூசியோடு வைரஸ் போகும், கணினி செத்துவிடும். இதைக் கரும்பலகையில் படம் போட்டெல்லாம் விளக்கியிருக்கிறேன். சிலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இப்போது எங்கே இருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு ஒரு வகுப்பைக் கொடுத்தது. ஊவா மாகாணக் கிராமங்களிலிருந்து இராணுவத்துக்குப் போய், காயம்பட்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பதினொரு பேர். இரண்டு மாதம் கணினி படிக்க வேண்டும். தேறியவர்களுக்கு ஒரு கணினியும் அச்சு இயந்திரமும் இரவலாகக் கிடைக்கும். அதை வைத்துத் தங்கள் ஊரில் ஒரு கொமினிகேஷன் திறக்கலாம். தொலைபேசி, போட்டோகொப்பி, இன்டர்நெட் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் கடைக்கு எங்கள் நாட்டில் அதுதான் பெயர். மூன்று மாதம் கழித்து ஓர் அதிகாரி வந்து வருகைப் புத்தகத்தைப் பார்ப்பார். ஊர்ச்சனம் வந்து போயிருந்தால் கணினி கடைக்காரருக்கே சொந்தம். இல்லாவிட்டால் எடுத்துப்போய் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பதினொரு இராணுவத்தினர் என்றதும், வேறு பயிற்றுநரைத் தேடச் சொல்லலாமா என்று யோசித்தேன். எங்கள் வயதுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சீருடை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பதுளைக்கு வந்துபோகும் பஸ்ஸிலிருந்து சோதனைச் சாவடியில் எத்தனை தடவை இறங்கி வரிசையில் நடந்திருப்பேன்? எத்தனை தடவை பையைத் திறந்து, சோற்றுப் பார்சலைப் பிரித்து, சப்பாத்தைக் கழற்றி உதறிக் காட்டியிருப்பேன்? ஒரு தடவை என் சோற்றுப் பார்சலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்ன முட்டையா?" என்று ஒருவர் இரக்கப்பட்டார். அது வேறு அவமானம்.

வகுப்பின் முதல் நாள் அவர்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். சிவில் உடையில், தலையை வாரி, கொப்பியோடு. ஒருவருக்கு ஒரு கண் இல்லை. ஒருவருக்கு மூன்று விரல்கள் இல்லை. வாசலில் நின்று நான் என் சந்தைச் சிங்களத்தில், "சப்பாத்தைக் கழற்றுங்கள்" என்றேன். கழற்றினார்கள். பத்து ஜோடிச் சப்பாத்துகள் வாசலோர இறாக்கைத் தட்டில் வரிசையாக அமர்ந்தன.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் குறுகுறுத்தது. 'இத்தனை வருடம் நான் கழற்றினேன், இன்றைக்கு நீங்கள் கழற்றுங்கள்' என்று.

பதினோராவது ஆள் பிந்தி வந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். எல்லோரும் அவரை இராணுவப் பதவியால் கோப்ரல் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நீளக் காற்சட்டை, பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து, அவசரமில்லாத நடை. நடையைப் பார்த்து, ஆளுக்குத் திமிர் என்று முடிவு கட்டினேன். வாசலில் நின்றார். இறாக்கையைப் பார்த்தார். பிறகு நல்ல தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"சேர், நான் இதோட வந்தா பரவாயில்லீங்களா?"

தமிழைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிட்டது. தமிழில் பேசுகிறவரிடம் தமிழில் பகிடி விடலாம்தானே?

"ஏன், சப்பாத்துக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க? கழட்டிக் காட்டுங்க, பார்ப்போம்" என்றேன்.

சாவடியில் என்னிடம் கேட்கப்பட்ட அதே வாக்கியம். நான் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டார். இடது சப்பாத்தைக் கழற்றி இறாக்கையில் வைத்தார். பிறகு வலது பக்கக் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். அங்கே ஒரு தோல் பட்டி. அதை அவிழ்த்தார். சப்பாத்தோடு சேர்த்துக் காலையே இழுத்து எடுத்தார். இறாக்கையில் இடது சப்பாத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு நுனியும் ஒரே கோட்டில் வரும்படி விரலால் தள்ளிச் சரிசெய்தார். கதிரைகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் நாலாம் கணினியில் உட்கார்ந்தார்.

"கழட்டிட்டேன் சேர். உள்ள ஒண்ணும் இல்ல" என்றார்.

மற்றப் பத்துப் பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைய பாடம் கணினியை எப்படி இயக்குவது என்பது. சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்கு மறந்துவிட்டது. மேசைக்கு அடியில் குனிந்து தேடுவது போல் வெகு நேரம் இருந்தேன். அங்கேயே குடியிருக்கலாம் போல் இருந்தது. வெளியே வந்ததும் வழக்கமான தூசிப் பாடத்தை நடத்தி ஒப்பேற்றினேன்.

வகுப்பு முடிந்ததும் முதலாளியிடம் ஓடினேன். இந்த ஒரு வகுப்புக்கு மட்டும் சப்பாத்தை அனுமதிப்போம், தூசி கொஞ்சம் போனாலும் நான் கணினிகளைத் துடைத்துவிடுகிறேன் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"தூசியோ? உமக்கென்ன விசரே? கார்பெட் ஊத்தையாகும் எண்டுதான் கழட்டச் சொன்னனான்."

இரண்டு வருடக் கரும்பலகைப் படங்கள் எல்லாம் என் கண் முன்னால் ஓடின.

மறுநாள் நான் செய்திருக்க வேண்டியது சுலபமான காரியம். வகுப்பின் முன்னால் நின்று, "நான் சொன்னது தப்பு, சப்பாத்தோடு வாருங்கள்" என்றிருக்க வேண்டும். செய்யவில்லை. கம்பியூட்டர் டாக்டரின் மானம் என்ன ஆவது? கோப்ரலைத் தனியே கூப்பிட்டு, பெரிய மனதோடு ஒரு சலுகை அறிவித்தேன். "உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. நீங்க சப்பாத்தோட வரலாம்."

"தூசி போனா கம்பியூட்டர் கெட்டுப் போயிடும்னு நேத்து நீங்கதானே சேர் படிச்சுக் கொடுத்தீங்க?"

"கொஞ்சத் தூசி பரவாயில்ல."

"எல்லாரும் கழட்டுறாங்க. எனக்கு மட்டும் என்ன? அதோட, சப்பாத்த மட்டும் கழட்டினா உயரம் சரி வராது, விழுந்துடுவேன். முழுசாக் கழட்டுறதுதான் லேசு. காத்தும் படும். அது அரிக்கிற அரிப்பு உங்களுக்குத் தெரியாது."

இரண்டு மாதமும் அந்தக் கால் தினமும் காலை ஒன்பது மணிக்கு இறாக்கையில் ஏறி நின்றது. அவர் அதை என்னைக் குத்திக்காட்டச் செய்யவில்லை. அதுதான் எனக்குக் குத்தியது.

மற்றபடி, எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மாணவர் அவர்தான். ஒவ்வொரு வரி முடிந்ததும் சேமிப்பார். ஒரு வரி தட்டுவார், சேமிப்பார். ஏன் இப்படி என்று கேட்டால், "ஒரு நொடியில எல்லாம் போயிடும் சேர், நான் பார்த்திருக்கேன்" என்பார். தமிழ் எப்படி வந்தது என்று கேட்டேன். அவருடைய கிராமம் மடுல்சீமைப் பாதையில் ஒரு தோட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். அப்பா லயங்களுக்கு மரக்கறி கொண்டுபோய் விற்பவர். கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன மகன் தமிழையும் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டார். பேசத்தான் வரும், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வடக்கில் மிதிவெடியில் கால் போனது. அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் தன்னைப் பார்த்து இரக்கப்படுவதும், விசேஷங்களில் முன்வரிசையில் உட்கார வைப்பதும்தான் வேலை என்றார். "முன்வரிசையில உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குது சேர். எனக்கு ஒரு கடை வேணும். ஆள் வரணும், திட்டணும், அவசரப்படுத்தணும்."

தேறினார். ஆவணி கழிந்ததும் தோட்டத்துச் சந்தியில் ஓர் அறை எடுத்து கொமினிகேஷன் திறந்தார். கடைக்கு ஒரு தமிழ்ப் பலகை எழுதித் தரச் சொன்னார். என்ன எழுத என்று கேட்டேன். "நம்ம வகுப்புல இருந்ததே, அதேதான்" என்றார். உண்மையைச் சொல்ல அது எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தூரிகை எடுத்து, சிவப்பு வண்ணத்தில், அழகான எழுத்தில், 'பாதணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதிக் கொடுத்தேன்.

கார்த்திகை மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சேர், கம்பியூட்டர்ல ஏதோ பிழை இருக்கு போல."

"என்ன செய்யுது?"

"கம்பியூட்டர் வேலை செய்யுது. ஆள்தான் ஒண்ணும் வரல்ல. இன்னும் ரெண்டு கிழமையில பெரியவர் புத்தகத்தப் பார்க்க வாறார்."

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். பசறையில் பஸ் மாறி, மழையில் வளைந்து வளைந்து சந்தியில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. கடை துப்பரவாக இருந்தது. மேசை, கணினி, அச்சு இயந்திரம், ஊன்றுகோல், கோப்ரல். வாசலில் என் சிவப்புப் பலகை. அதன் கீழே புதிய இறாக்கை. இறாக்கையில், முன்மாதிரியாக, பொலிஷ் போட்ட சப்பாத்தோடு அவருடைய கால், ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

வருகைப் புத்தகத்தைத் திறந்தேன். மூன்று பெயர்கள். திறப்பு விழாவுக்குப் பிரித் ஓத வந்த பௌத்த தேரர் ஒருவர். கோப்ரலின் மச்சான். மூன்றாவதும் மச்சான்தான், வேறு பேனாவில்.

நாலரை மணிக்குப் பறித்த கொழுந்தை நிறை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். கடையை நெருங்கும்போது எல்லோரும் ரோட்டின் மறுகரைக்கு மாறி நடந்ததைப் பார்த்தேன். நான் குறுக்கே போனேன். முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். முதுகில் காலிக் கூடை, இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கு, கணுக்கால் வரை சேறு.

"அக்கா, அந்தக் கொமினிகேஷனுக்கு ஏன் யாரும் போறதில்ல?"

மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"யாரு மகன்?"

சொன்னேன்.

"அட, அந்தக் கம்பியூட்டர் டாக்டரா?"

"ஆமாங்க" என்றேன், வேறு வழியில்லாமல்.

"அப்ப நீங்கதான் பார்க்கணும். அந்தா வாசல்ல ஒத்தக் காலு நிக்குதில்ல? பகல்ல நிக்குமாம், பொழுது சாஞ்சா நடக்குமாம். எங்க லயத்துல ஒருத்தி கண்ணால பார்த்தேங்குறா. அவளுக்குப் பக்கத்துல நிக்கிற புருஷனே தெரியாது, அது வேற கதை."

பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள்.

"அது அவரோட பொய்க்கால் அக்கா."

"தெரியாமலா இருக்கோம்? போர்டுல செருப்பக் கழட்டுன்னு போட்டிருக்கு. எங்க கால்ல செருப்பே இல்ல. அவரு காலையே கழட்டி வச்சிருக்காரு. அப்ப நாங்க எதத் தம்பி கழட்டணும்?"

இதற்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

"வெளயாட்டு கெடக்கட்டும். ஆமியில இருந்தவரு வாசல்ல, இதக் கழட்டு அதக் கழட்டுன்னு எழுதிப் போட்டிருந்தா நமக்கு உள்ள போக மனசு வருமா? என் மூத்தவன இந்த ரோட்டுலதான் பஸ்ஸ விட்டு எறக்கினாங்க. சட்டையக் கழட்டுன்னாங்க, சப்பாத்தக் கழட்டுன்னாங்க. பதினொரு நாள் கழிச்சுத்தான் விட்டாங்க. புள்ள இப்ப கொழும்புல கடையில நிக்கிறான். இந்தப் பக்கமே வரமாட்டேங்குறான்."

அந்தப் பலகையில் இருந்தது என் கையெழுத்து. ஊரில் ஒரு வேலை செய்து பிழைக்க நினைத்த மனிதரின் வாசலில், ஒரு சாவடியைக் கட்டிக் கொடுத்தவன் நான்.

"அந்த போர்டை எழுதினது நான்தான் அக்கா" என்றேன்.

ரோட்டோரத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தூசி, வைரஸ், கரும்பலகைப் படம், கார்பெட், எல்லாம். கார்பெட்டுக்கு வந்தபோது அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். முதல் நாள் வாசலில் நான் விட்ட பகிடியையும் சொன்னேன். அதற்குச் சிரிக்கவில்லை.

"ஏன் தம்பி, நீங்க படிச்ச புள்ளதானே?" என்று மட்டும் கேட்டார். பிறகு கூடையை என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கடையை நோக்கி நடந்தார்.

வாசலில் நின்றார். "மாத்தியா!" என்று, சிங்களத்தில் 'ஐயா' என்பதுபோல, கூப்பிட்டார்.

கோப்ரல் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "வாங்க அக்கா, வாங்க."

"வாறேன். ஆனா மொதல்ல நீங்க அந்தக் காலை எடுத்து மாட்டுங்க. சின்னதுங்க பயப்படுது. எனக்குக் கழட்ட ஒண்ணும் இல்ல, சேத்தோடதான் வருவேன்."

கோப்ரல் அவருடைய சேற்றுக் காலைப் பார்த்தார். பிறகு கூடையோடு நின்ற என்னைப் பார்த்தார். "சேர், தூசி?"

மூன்றாவது சந்தர்ப்பம். இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

அவர் இறாக்கையில் நின்ற காலைப் பார்த்தார். "அப்ப ரெண்டு மாசம் நான் நொண்டி நொண்டி வந்தது கார்பெட்டுக்கா?"

"ஆமாம்."

"இங்க ரெண்டரை மாசமா காலைக் கழட்டி வச்சு உக்காந்திருக்கிறது?"

"அது கார்பெட்டுக்குக்கூட இல்லை."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தலையைக் குனிந்து, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேர், அந்த போர்டையும் கொஞ்சம் கழட்டுங்க" என்றார். நான் கூடையை இறக்கிவிட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் காலை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, அக்காவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

அக்கா மடியிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்தார். இளைய மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளை அவளுக்கு ஒரு மின்னஞ்சல் விலாசம் செய்து கொடுத்திருக்கிறது. "கம்பியூட்டரில் எழுதினால் அன்றைக்கே கிடைக்கும் அம்மா" என்று எழுதி அனுப்பியிருந்தாள். ஏழு மாதமாக அந்தத் துண்டு மடிப்பிலேயே கிடந்திருக்கிறது, சந்தியில் கணினி வந்த பிறகும்.

"நீங்க சொல்லுங்க அக்கா, நான் அடிக்கிறேன்" என்றார் கோப்ரல்.

"உங்களுக்குத் தமிழ் எழுத வருமா?"

"எழுத்து வராது. இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சிருவேன். மகள் வாசிச்சிருவா."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, மகள் எதிரில் நிற்பது போலத் திரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அம்மா நல்லா இருக்கேன். காம்பராவுக்குத் தகரம் மாத்தியாச்சு. நீ ஒழுங்காச் சாப்பிடு. "இதக் கம்பியூட்டர்ல அடிக்கிறது ஆமியில இருந்த ஒரு மாத்தியா. ஒரு காலு இல்ல. ஆனா கை வேகம். அதையும் போடுங்க மாத்தியா."

"போட்டுட்டேன் அக்கா." ஒரு வரி, ஒரு சேமிப்பு.

"அண்ணன் தீவாளிக்கும் வரல்ல. ரோட்டுல ஆமி நிக்கும், மறுபடி எறக்குவாங்கன்னு இன்னமும் பயப்படுறான். அந்தப் பதினொரு நாள் என்ன நடந்துச்சுன்னு அவன் எங்கிட்ட இன்னமும் சொல்லல்ல."

விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது. கோப்ரலின் கைகள் எழுத்துகளுக்கு மேலே அப்படியே நின்றன. அக்காவின் பின்னால் வந்து கதவோரத்தில் நின்ற பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இந்தக் கடை நிலைக்குமா மூடுமா என்பது அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் அப்ப இங்க இல்ல அக்கா. வடக்குல இருந்தேன்" என்றார், திரையைப் பார்த்தபடி.

"நீங்க இருந்தீங்கன்னு நான் சொல்லல்லியே. எழுதுங்க."

அவர் எழுதினார். மெதுவாக, எழுத்து எழுத்தாக. முடிந்ததும் சேமித்தார்.

"இப்ப படிச்சுக் காட்டுங்க" என்றார் அக்கா.

அவர் முதலிலிருந்து படித்தார். அம்மா நல்லா இருக்கேன் என்பதிலிருந்து. மகனைப் பற்றிய வரி வந்தது. "எங்கிட்ட இன்னமும் சொல்லல்ல" என்று ஓர் இராணுவச் சிப்பாயின் குரலில், ஒரு தாயின் பேச்சாக, அந்தச் சின்ன அறையில் கேட்டது. அவருடைய குரல் ஓரிடத்தில் அறுந்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை. அவர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அந்த வரியின் தொடக்கத்திலிருந்து படித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"சரியா இருக்கு. ஒரு எழுத்து விடல்ல" என்றார். "அனுப்புங்க."

அனுப்பினார். அக்கா வருகைப் புத்தகத்தை இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "என்னாங்கடி பார்க்கிறீங்க? ஒங்க மகளுங்க மட்டும் என்ன, பக்கத்து லயத்துலயா இருக்காளுங்க?" என்றார். அன்றைக்கே இன்னும் நாலு பேர் உள்ளே வந்தார்கள், சேற்றோடு. தரை முழுக்க மண். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அறிவியல் உலகுக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் குவைத்திலிருந்து பதில் வந்ததாம். அதைப் படித்துக் கேட்க ஒரு லயமே இறங்கி வந்ததாம். அதிகாரி வந்தபோது வருகைப் புத்தகத்தில் நாலு பக்கம் நிறைந்திருந்தது. கணினி கோப்ரலுக்கே ஆனது. ஆட்கள் வந்தார்கள், திட்டினார்கள், அவசரப்படுத்தினார்கள். அவர் கேட்டது அதுதானே?

கணினி கற்றுக்கொடுக்கப் போன நான் அந்தச் சந்தியில் கற்றுக்கொண்டது வேறொன்று. எனக்கு ஒரு காலத்தில் நடந்த அவமானத்தை, அதிகாரம் கைக்கு வந்த முதல் நாளே, டை கட்டிக்கொண்டு இன்னொருவருக்குச் செய்தேன். அதை நான் நகைச்சுவை என்று நினைத்தேன். செய்தவர்கள், செய்யாதவர்கள் என்று கணக்குப் பார்க்காமல், "எழுதுங்க" என்று சொல்ல ஒரு கொழுந்துக்கார அக்காவுக்கும், எழுதி வாய்விட்டுப் படிக்க ஒரு கோப்ரலுக்கும் தெரிந்திருந்தது. படித்த பிள்ளைக்குத்தான் தெரியவில்லை. இன்றைக்கும் யாரையாவது ஒரு வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டி வந்தால், என் நாக்கு ஒரு தடவை தயங்கிவிட்டுத்தான் அசைகிறது.

அக்காவின் கடிதம் போன அன்று மாலையே இதையெல்லாம் கோப்ரலிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸுக்காக நான் சந்தியில் நின்றபோது அவரும் என்னோடு வந்து நின்றார். சப்பாத்துக் கதையைச் சொல்லியாகிவிட்டது, அந்தப் பகிடியைப் பற்றித்தான் இன்னும் சொல்லவில்லை. முதல் நாள் நான் ஏன் அப்படிக் கேட்டேன், கேட்டபோது எனக்குள் என்ன இருந்தது என்பதற்கு ஒரு நீண்ட மன்னிப்பைச் சொல்லுக்குச் சொல் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "கோப்ரல், அன்னைக்கு வாசல்ல நான் ஒண்ணு கேட்டேனே..." என்று தொடங்கினேன்.

அவர் ரோட்டு வளைவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பஸ் வருது சேர், ஓடுங்க."